சொந்த வாக்கியம்

ரிலக்டன்ட் என்றால் மனசில்லாமல், இழுத்துக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று நின்றபடி ஒன்றைச் செய்வது. காலையில் தாடையில் பாதி நுரையும் பாதி தோலுமாகக் கண்ணாடிமுன் நின்று அருணகிரி அப்படித்தான் சொன்னார். தி சைல்ட் வாஸ் ரிலக்டன்ட் டு கோ டு ஸ்கூல், குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போக மனசில்லை, இது நான் சொல்ற உதாரணம், சாயங்காலத்துக்குள்ள நீ சொந்தமா ஒண்ணு யோசிச்சு வை குழலி. மட்டுவார்குழலி என்ற முழுப்பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருந்தது, மற்றபடி அவள் எல்லோருக்கும் குழலிதான். மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்றுகொண்டு, காய்ச்சல் மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தையைக் கரும்புச் சக்கை மாதிரி மென்றுகொண்டே இருந்தாள். ரிலக்டன்ட். சாறு வந்தது, போனது, மறுபடி வந்தது. சத்திரம் பஸ் நிலையத்தில் லால்குடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக இடம் கிடைத்து உட்கார்ந்தபோது முதல் வாக்கியம் தானாக வந்தது, மை ஃபீட் ஆர் ரிலக்டன்ட் டு என்டர் தி ஸ்லிப்பர்ஸ், வீங்கிப்போன பாதத்துக்குச் செருப்புக்குள் போக மனசில்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இது வேண்டாம், இது சும்மா சிரிப்புக்கு. இன்னொன்று இருக்கிறது. அது காலையிலேயே வந்துவிட்டது. கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைக்கும்போதே வந்துவிட்டது. அதைச் சொல்லலாமா என்றுதான் பகல் முழுக்க யோசனை. ஐ ஆம் ரிலக்டன்ட் டு ஸ்மெல் ஜாஸ்மின். மல்லிகையை முகர்ந்து பார்க்க எனக்கு மனசில்லை. சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார். கேட்பாரா? கேட்கட்டும் என்றுதான் சொல்லப் போகிறாள். இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவர் வாங்கிவரும் பூவைத் தலையில் வைக்காமல் படத்துக்குப் போட்டுவிட்டு, தலைவலி வருதுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். தமிழில் இதைச் சொல்ல முடியாது. தமிழில் சொன்னால் அந்த வார்த்தைகளுக்கு வாசனை இருக்கிறது, ஈரம் இருக்கிறது, சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொள்ளும். இங்கிலீஷில் சொன்னால் கையுறை போட்டுக்கொண்டு சூடான பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி. சுடும், ஆனால் கீழே போடாமல் இறக்கி வைத்துவிடலாம்.

பஸ் ஆட்டம் கொடுத்துக் கிளம்பியது. முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி கையில் போன், இன்னொருத்தி மடியில் இரண்டு பேருடைய பையும். நீ உனக்கு ஒரு பெரிய போன் வாங்கிக்கக் கூடாதா என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கெதுக்கு, பேசத்தானே என்று தன் பட்டன் போனைக் காட்டுவாள். வாங்க வேண்டாம் என்று சொன்னது அவர்தான், அதைப் பார்க்க ஆரம்பிச்சா உன் மூளை அவிஞ்சுபோகும், இங்கிலீஷா, நான் இருக்கேன்ல, அதுக்கெதுக்கு வீடியோ, ஊருக்குத்தான் வீடியோ, உனக்கு நேரா நானே. அதைக் கேட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து வெட்கம். டியூஷன் பிள்ளைகளுக்கு, கோச்சிங் சென்டருக்கு வரும் வேலை தேடுகிற பையன்களுக்கு, இப்போது போனிலே பார்க்கிற முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததே போன வருஷ ஆண்டு விழாவுக்குப் பிறகுதான். சென்டரின் ஆண்டு விழா. பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வந்திருந்த விருந்தாளியின் மனைவி பக்கத்தில் சாய்ந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். இவள் சிரித்துக்கொண்டு யெஸ் யெஸ் என்றாள். அந்தம்மா புருவத்தைத் தூக்கி மறுபடி கேட்டாள். மறுபடி யெஸ் என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஆபீஸ் பெண் காதோரம் வந்து, மேடம், உங்களுக்கு எத்தனை குழந்தைங்கன்னு கேக்கறாங்க என்றாள். எத்தனை குழந்தைகள் என்ற கேள்விக்கு ஆமாம், ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அவர், அழாத, நாளையிலேருந்து தினம் ஒரு வார்த்தை, அர்த்தம் நான் சொல்றேன், வாக்கியம் நீ சொல்லு என்றார். தினம் ஒரு வார்த்தை. அதற்கு முன்னால் அவர்கள் தினம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகக்கூட அவளுக்கு ஞாபகமில்லை. கேஸ் வந்துச்சா, கரண்ட் போச்சா, சோறு வைக்கட்டா. அதெல்லாம் பேச்சா.

அண்ணா சிலை திரும்பும்போது அவருடைய குரல் கேட்டது. முதலில் தன் மனசுக்குள்தான் கேட்கிறது என்று நினைத்தாள், ஏனென்றால் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இல்லை, முன் சீட்டிலிருந்து. வணக்கம் கண்ணுங்களா, உங்க அருணகிரி சார் வந்துட்டேன். போன்காரி சத்தத்தைக் கூட்டினாள். குழலிக்கு மார்பு விம்மியது. பார், முகம் தெரியாத பெண்கள், என் வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள். தோளைத் தட்டி, அவரு எங்க வீட்டுக்காரருதான் என்று சொன்னால் என்ன என்று ஒரு ஆசை வந்தது, சீ, சின்னப்பிள்ளை மாதிரி என்று அடங்கியது. வீட்டில் பேசாத மாதிரி பேசினார். குரலில் ஒரு துள்ளல், ஒரு குழைவு. இன்னிக்கி நம்ம வார்த்தை ஹெசிடேட், தயங்குறது. ஹெசிடேட்டா! அவளுக்கும் அதைக் கொடுத்தாரே, தை மாதமா மாசியா, அவள் அடுப்படியில் நின்று யோசித்து, விசில் வருவதற்குமுன் குக்கர் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறதே, அதைப் பார்த்து, தி குக்கர் ஹெசிடேட்டட் பிஃபோர் தி விசில் என்று சொன்னாள். அவர் அன்றைக்கு அட என்றார். அந்த அட அவள் காதில் ரொம்ப நாள் இருந்தது. இப்போது போனுக்குள் அவர் சொல்கிறார், தி குக்கர் ஹெசிடேட்டட் பிஃபோர் தி விசில். என்னுது! என்னுடைய வாக்கியம்! அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதாரணமாகச் சொல்கிறார், ஊருக்கே என் வாக்கியத்தை உதாரணமாகச் சொல்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று நினைத்து முடிப்பதற்குள் போனுக்குள் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம், அதற்குமேல் அவர் குரல், ஏங்கண்ணுங்களா, குக்கர் தயங்குமா? மாப்பிள்ளை பாக்க வந்திருக்காங்க, வெளிய வரலாமா வேண்டாமான்னு உள்ளயே நிக்குதாமா? சொல்லட்டா சார், சொல்லட்டா? அந்த சொல்லட்டா அவளுடையது. ஒவ்வொரு சாயங்காலமும் வாக்கியத்தைச் சொல்வதற்குமுன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவள் கேட்கிற சொல்லட்டா. அதை மூக்கால், இழுத்து, கிழவி மாதிரி, ஆனால் அச்சு அசலாக அவளைப்போலவே சொன்னார். முன் சீட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போன்காரி, குக்கரக்கா வந்தாத்தான்டி சார் வீடியோவே களைகட்டும் என்றாள்.

குக்கரக்கா. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. குக்கரக்கா என்றால் யார்? குக்கரக்கா என்றால் ஒரு பெயர்ச்சொல், ஊர் சிரிப்பதற்காக வீட்டில் வைத்திருக்கும் ஒருத்தி. அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரித்துவிட்டால் சரியாகிவிடும். விளையாட்டுத்தானே, பெயரா சொன்னார், முகத்தையா காட்டினார், பிள்ளைகளுக்குப் பாடம் மனசில் நிற்க வேண்டுமென்றால் கொஞ்சம் கோமாளித்தனம் வேண்டாமா. சென்டருக்கு ஆள் வரத்து குறைந்துவிட்டது என்று போன தீபாவளிக்கே சொல்லிக்கொண்டிருந்தார், எதிரிலேயே இன்னொரு சென்டர், குளிர்சாதனம் வைத்தது, அவரும் என்னதான் செய்வார். குக்கர்தானே. குக்கரை எடுத்துக்கொள்ளட்டும். குக்கரோடு போகட்டும். ஆனால் அந்தப் பெண் குக்கரக்கா வந்தாத்தான் என்றாளே. வந்தாத்தான் என்றால் ஒருதடவை இல்லை, அடிக்கடி வருகிறாள். வேறு என்னவெல்லாம் கொடுத்தேன்? வீட்டுக்குத் திருடன் வந்துபோன பிறகு எந்த அலமாரியைத் திறந்திருப்பான் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிற மாதிரி, கொடுத்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். என்வி, பொறாமை, ஐ என்வி தி கண்டக்டர் பிகாஸ் ஹி கேன் ஷவுட், சத்தம் போட முடிகிறதே என்று கண்டக்டர்மேல் எனக்குப் பொறாமை. அது போயிருக்கும். ப்ரைவசி என்றால் பிறர் கண் படாமல் ஒருவர் தன்னோடு இருப்பதற்கான உரிமை என்று நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னாரே, அவள் தி பாத்ரூம் டாப் இஸ் மை ப்ரைவசி என்றாளே, குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன் என்பதை அப்படிச் சொன்னாள், அதற்கு அவர் சிரிக்கவில்லை, அவர் எப்போதுமே சிரித்ததில்லை, அதுதான். ஒருநாளும் அவள் முன்னால் அவர் சிரித்ததே இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கொஞ்ச நாளாகத் திருத்துவதைக்கூட நிறுத்திவிட்டார். தப்பா இருந்தா சொல்லுங்க என்று கேட்டாலும், வேண்டாம், உனக்கு எப்படி வருதோ அப்படியே சொல்லு, அதுதான் அழகு என்றார். அதுதான் அழகு என்று தன்னிடம் ஒரு ஆண் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவள் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே நினைத்து நினைத்துப் பார்த்தாள். வார்த்தைகளும் மாறிவந்தன. முதலில் கதவு, ஜன்னல், மார்க்கெட். அப்புறம் ரிக்ரெட், வருந்துவது. மோர்ன், துக்கம் காப்பது. லோன்லி. என் மனசைக் கேட்கிறார், நேராகக் கேட்கத் தெரியாமல் அகராதி வழியாக வந்து கேட்கிறார் என்று நினைத்தாளே. தூண்டில் போட்டிருக்கிறார். ஒவ்வொரு காலையிலும் முகத்தில் நுரையோடு நின்று ஒரு முள்ளை வீசிவிட்டுப் போயிருக்கிறார், இவள் சாயங்காலம் தானாகவே போய் மாட்டிக்கொண்டு, சொல்லட்டா, சொல்லட்டா என்று கேட்டிருக்கிறாள்.

அப்படியானால் அது? அதையும் சொன்னேனே. இல்லை. அதை எடுத்திருக்க மாட்டார். திருவானைக்காவல் நிறுத்தத்தில் பஸ் நின்றது, கூடையோடு ஒரு அம்மாள் ஏறி அவள் காலை மிதித்தாள், வலி யாருடையதோ போல இருந்தது. அதை எடுத்திருக்க மாட்டார், ஏனென்றால் அது அவருடையதும்தான். பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். அழுகைச் சத்தம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். மாமனாரும் அவரும் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. முகத்தையாவது காட்டியிருக்கலாம். பார்த்தா மறக்க மாட்டே என்றாள் மாமியார். பார்க்காததைத்தான் மறக்க முடியவில்லை, பார்த்திருந்தால் ஒரு முகம் இருந்திருக்கும், இப்போது எந்தக் குழந்தை முகமும் அதுவாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. காய்ச்சல் வேர்வை என்று முதலில் நினைத்தாள். பால். எல்லாம் முடிந்துபோனதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. அது தன்பாட்டுக்கு நாள் பார்த்து வந்து நின்றது. எதிர் வீட்டுக் குழந்தை அழும், இவளுக்குச் சுரக்கும். மாரில் கல் கட்டின மாதிரி கனக்கும். மாமியார் முழம் முழமாக மல்லிகை வாங்கிவந்து, மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள், பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று. உடம்புச் சூட்டில் மல்லிகை வதங்கும், பாலோடு சேர்ந்து புளிக்கும், அந்த வாசனை. பக்கத்து அறையில் அவர் டியூஷன் பிள்ளைகளுக்கு, கோ, வென்ட், கான், கோ, வென்ட், கான் என்று சத்தமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பூக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கான், கான் என்று அவளும் சொன்னாள். அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் குழந்தையும் உண்டாகவில்லை. பதினைந்து பதினாறு வருஷம். பிறகு ஒரு காலையில் அவர் அவேர் என்ற வார்த்தையைக் கொடுத்தார். நடந்தது இன்னதென்று தெரிந்திருப்பது, உணர்ந்திருப்பது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவள் கல்லுக்குமுன் நின்று, திரும்பிப் பார்க்காமல், சொல்லட்டா என்று கேட்டு, மை மில்க் வாஸ் நாட் அவேர் என்றாள். என் பாலுக்குத் தெரியாது. பின்னால் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தபோது அவர் கை தோசையில் அப்படியே இருந்தது. பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்துபோனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அழுகிறார் என்று தெரிந்துகொண்டாள். என்னைப்போலவே குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். கல்லில் தோசை கருகியதை எடுக்காமல் நின்றாள். இத்தனை வருஷம் கழித்து அந்தக் குழந்தைக்கு ஒரு அப்பா கிடைத்துவிட்டார் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவருக்குக் காபியில் டிக்காஷன் கூடுதலாக விட்டாள், சட்டைக் காலரைக் கையால் தேய்த்தாள், அந்த ஓடும் குழாய்ச் சத்தத்தை வைத்துக்கொண்டே இத்தனை மாதங்களை ஓட்டினாள். ஆகவே அதை எடுத்திருக்க மாட்டார். குக்கரை எடுப்பார், கண்டக்டரை எடுப்பார், அதை எடுக்க மாட்டார்.

பஸ் கொள்ளிடம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் இல்லை, மணல்தான். அடுத்தது போடு ரித்திகா என்றாள் மடியில் பை வைத்திருந்த கண்ணாடிக்காரி. போன்காரி விரலால் தள்ளினாள். வணக்கம் கண்ணுங்களா. இன்னிக்கி நம்ம வார்த்தை அவேர். குழலி எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். எழுந்து அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக மணலில் எறிந்துவிடலாம். அல்லது காதைப் பொத்திக்கொள்ளலாம். ஒன்றும் செய்யவில்லை. சில சமயம் அடி விழப்போகிறது என்று தெரிந்தும் முகம் அப்படியே நிற்கும். நம்ம குக்கரக்கா இதுக்கு ஒரு வாக்கியம் குடுத்தாங்க பாருங்க, கேட்டா தூக்கம் வராது உங்களுக்கு. சொல்லட்டா சார், சொல்லட்டா? மை மில்க் வாஸ் நாட் அவேர். சிரிப்பு. ஏப்பா, பாலுக்கு எங்கேருந்துப்பா விழிப்புணர்வு வரும்? பஸ் ஸ்டாண்டுல போர்டு பாத்துக்கிட்டு நிக்குதா பாலு? நான் கேட்டேன், ஏங்கக்கா, எந்தப் பாலு, பாக்கெட் பாலா, கறந்த பாலா? சிரிப்பு. மறுபடி சிரிப்பு. எந்தப் பால் என்று அவர் கேட்டதே இல்லை. அதைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள், மற்றதெல்லாம் கரைந்துபோய் அது ஒன்றுதான் நின்றது. கேட்டேன் என்கிறாரே, அவர் கேட்கவே இல்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. தமிழிலேயே சொல்லியிருப்பேன். அப்படியானால் அந்தக் குழாய்? குழாயைத் திறந்துவிட்டு என்ன செய்தார்? அழுதாரா? அழுதுவிட்டு இதைச் செய்தாரா? கை கழுவியிருப்பார். சட்னிக் கை, எண்ணெய்க் கை, சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவியிருப்பார், கழுவும்போது பாக்கெட் பாலா கறந்த பாலா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பார். இல்லை, நிஜமாகவே அழுதிருக்கலாம். அழுதவர் பின்னால் எப்படியோ மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். துக்கத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொள்கிற ஆட்கள் உண்டு. அப்படி மாற்றினால் அது அவருடைய துக்கமாக இருக்க வேண்டும், என்னுடையதை எடுத்து மாற்ற இவர் யார். அல்லது அவருக்குப் புரியவே இல்லையோ? அந்தப் பால் என்று நிஜமாகவே தெரியவில்லையோ? இத்தனை வருஷத்தில் அவருக்கு அது மறந்தே போயிருக்குமோ? எது மேல், தெரிந்து செய்வதா, மறந்துபோவதா? இரண்டையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்தாள், முள் எந்தப் பக்கமும் சாயாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

முன் சீட்டில் பேச்சு நடந்தது. கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. இதுல என்னடி தப்பு என்று கேட்டாள். மில்க் வாஸ் நாட் அவேர், கிராமர் சரியாத்தானே இருக்கு. போன்காரி ரித்திகா, லூசு ரிஸ்வானா, பாலுக்கு எப்படிடி தெரியும் என்றாள். தெரியாதுன்னுதானடி அவங்களும் சொல்றாங்க என்றாள் ரிஸ்வானா. ரித்திகா, சார் தப்புன்னா தப்புதான், நீ என்ன பெரிய சாரா என்று அவள் தோளில் ஒரு அடி போட்டாள். குழலி அந்தக் கண்ணாடிப் பெண்ணின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய பச்சைத் துணி தலையைச் சுற்றியிருந்தது. தெரியாதுன்னுதானே அவங்களும் சொல்றாங்க. முகம் தெரியாத ஒருத்திக்கு, பஸ் இரைச்சலில், ஒரே தடவை கேட்டதும் அந்த வாக்கியம் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டில், இரண்டடி தூரத்தில் இருந்தவருக்கு மட்டும் வழியில் எங்கேயோ தொலைந்துபோயிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. வர வேண்டும் என்றுகூட நினைத்தாள், வந்தால் இறங்கிவிடும், ஆனால் உள்ளே என்னவோ பால் கட்டிக்கொண்ட மாதிரி கல்லாக இருந்தது, தொட்டால் வலிக்கும், தொடாவிட்டாலும் வலிக்கும்.

டோல்கேட் தாண்டிய பிறகு மடியில் பட்டன் போன் அடித்தது. அவர்தான். தினம் இந்த நேரத்துக்கு, மாலை வகுப்புகளுக்கு நடுவில் அவர் கூப்பிடுவார். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் அவள் ஜன்னலோர சீட் தேடுவாள். அடிக்கவிட்டாள். எடுக்காமல் இருந்தால் வீட்டில் கேட்பார். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். எடுத்தாள். எங்க வந்துட்டே என்றார். தாளக்குடி வரப்போகுது என்றாள். அவள் குரல் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, எப்போதும்போலவே இருந்தது. சரி, ரிலக்டன்டுக்கு யோசிச்சியா? யோசிச்சேன். சொல்லு சொல்லு, பையனுங்க வந்துடுவாங்க. எப்போதும் கேட்கிற அந்தச் சொல்லட்டா தொண்டை வரை வந்தது, அதை விழுங்கினாள். மல்லிகை வாக்கியம் நாக்கின் நுனியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது, அதையும் விழுங்கினாள். தி டாக் வாஸ் ரிலக்டன்ட் டு கோ அவுட் இன் தி ரெயின் என்றாள். மழையில் வெளியே போக நாய்க்கு மனசில்லை. ம், கரெக்ட்தான் என்றார். தப்பு ஒண்ணுமில்லையே என்று கேட்டாள். தப்பில்ல, தப்பில்ல, ஆனா இது கைடுல வர்ற மாதிரி இருக்கு குழலி, உன் பாணியில ஒண்ணு சொல்லேன், நீ சொல்லுவியே, அந்த மாதிரி. அவர் குரலில் இருந்தது ஏமாற்றம். கடையில் கேட்ட மருந்து இல்லையென்று சொன்னால் வருகிறவர் முகத்தில் தெரிவதைப்போல அது அப்பட்டமாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கேமரா முன்னால் நிற்கப்போகிறார், கையில் ஒன்றுமில்லை. தராசு முள் அசைந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. இல்லீங்க, இனிமே இப்படித்தான் வருது என்றாள். என்னாச்சு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அக்கறை இருந்தது, அதுதான் கொடுமை, நிஜமான அக்கறை இருந்தது. ஒண்ணுமில்ல, கூட்டமா இருக்கு, வைக்கறேன் என்று வைத்தாள்.

நிமிர்ந்தபோது முன் சீட்டிலிருந்து இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் மருந்துவாடைச் சேலையோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி திடீரென்று இங்கிலீஷில் நாயைப் பற்றிச் சொன்னால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரித்திகா சிரித்த முகத்தோடு, அக்கா, நீங்களும் அருணகிரி சார் வீடியோ பாத்துத்தான் கத்துக்கறீங்களா, இன்னிக்கி ரிலக்டன்ட்தான் போடப்போறேன்னு சார் நேத்தே சொன்னாரே என்றாள். குழலி இல்லம்மா என்றாள். பாருங்கக்கா, செமையா இருக்கும், அதுல ஒரு குக்கரக்கா வருவாங்க. ரிஸ்வானா அவளை முழங்கையால் இடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டாள், அக்கா, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருதே, மை மில்க் வாஸ் நாட் அவேர், இது தப்பா சரியா, நீங்க சொல்லுங்க. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. யாரோ இறங்க மணி அடித்தார்கள். பின்னால் கூடைக்காரம்மாள் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குழலி வாயைத் திறந்தாள். இங்கிலீஷ் வார்த்தை எதுவும் வரவில்லை, தேடவுமில்லை.

"சரிதாம்மா," என்றாள். "ஒரு பொம்பளைக்கு வயித்துலயே குழந்தை செத்துப்போயிடுச்சு. பொட்டப்பிள்ளை. வீட்டுக்கு வந்து மூணாம் நாள் பால் வந்துச்சு. பிள்ளை இல்லைன்னு அதுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

சொல்லி முடிக்கும்வரை தொண்டை அடைக்கவில்லை. ரித்திகாவின் சிரிப்பு முகத்திலேயே எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அவள் விரல் தானாகப் போய்ப் போனை அணைத்தது. ரிஸ்வானா மடியிலிருந்த இரண்டு பைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ," என்றாள் ரிஸ்வானா மெதுவாக. "இது தெரிஞ்சிருந்தா சார் இப்படிப் பேசியிருக்க மாட்டாருக்கா. பாவம், சாருக்குத் தெரியாது."

குழலி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தெரியும்மா," என்றாள். "அவருக்குத் தெரியும்."